உடைந்த பல்லைப் பேணும் முறை
(நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பல்லை முத்தென்று பாடாத புலவர் தமிழில் அரியர். கொற்கை முத்தின் புகழைக் கேட்டு வளர்ந்த நம் கரையோர்க்கு அவ்வுவமை இனிதே. ஆயினும் அது நிறத்தளவிற் பொருந்துமேயன்றி இயல்பிற் பொருந்தாது. சிப்பியோடும் முத்தும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆயவை. பல்லின் மேற்புறமாகிய எனாமலோ கால்சியம் பாஸ்பேட் வகையைச் சார்ந்தது. சிப்பி தன் ஓடு சிதையின் உள்ளிருந்து புதுப்படலம் இட்டுச் செப்பனிட்டுக்கொள்ளும். எனாமலை ஆக்கிய உயிரணுக்களோ பல் வெளிவருங்காலத்தே மறைந்தொழிகின்றன. ஆதலின் உடைந்த பல் தானே வளராது. உடைந்த துண்டே அரும்பொருளாகின்றது.

அத்துண்டினை நாம் என் செய்கின்றோம்? பாற்பல் விழுந்தாற் கூரைமேல் எறிவது வழக்கம். அதனாற் கேடில்லை, அதன் கீழ் வேறொரு பல் காத்திருக்கின்றது. ஏழெட்டு வயதில் முளைத்த முன்பல்லின் துண்டையும் அங்ஙனமே எறிந்துவிடுகின்றோம்.

இதன் தீங்கினை யாம் வகுப்பறையிற் காண்கின்றோம். தொல்காப்பியர் எழுத்துக்கள் பிறக்குமிடங்களுள் பல்லையும் ஒன்றாக வைத்தார். தகர நகரங்களுக்கு நா பல்லின் அடியைச் சார்தல் வேண்டும். வகரத்துக்கு மேற்பல்லும் கீழிதழும் இயைதல் வேண்டும். முன்பல் உடைந்த சிறுவன் இவ்வெழுத்துக்களிற் குழறுகின்றான், தோழர் நகைக்கின்றனர், பின்னர் வாயைக் கையாற் பொத்திக்கொண்டு, உரக்கப் படிப்பதையே விட்டுவிடுகின்றான். நன்றாகப் படிக்கவல்ல பிள்ளைகள் இவ்வாறு ஊமையராய்ப் பின்னிருக்கை சேர்ந்ததை யாம் கண்டிருக்கின்றோம்.

இதற்கு மாற்று அரிதன்று. 1955இல் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவோனோகோர் என்பார், பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலைச் சிறிது அரித்தால் ஒட்டுப்பொருள் அதனை இறுகப் பற்றுமெனக் காட்டினார். அம்முறையின் வழியே இன்று உடைந்த துண்டையே மீண்டும் ஒட்டுகின்றனர். துண்டு கிடையாவிடின் பல்நிறப் பூச்சால் வடிவமைக்கின்றனர். துண்டு உலர்ந்தால் நிறம் வெளிறும். ஆதலின் பாலிலோ நீரிலோ இட்டுக் கொண்டுசெல்க. பல்லின் நடுவே செம்புள்ளி தோன்றினாலும் குருதி கசிந்தாலும் உள்ளிருக்கும் நரம்பு வெளிப்பட்டதென்று கொண்டு அன்றே செல்லல் வேண்டும். கடையில் விற்கும் பசையால் தாமே ஒட்டிக்கொள்வாரும் உளர்! அது செருப்புக்கு ஆகும், பல்லுக்கு ஆகாது. கிராம்புத் தைலம் நோவைச் சிறிது மறைக்கும், அவ்வளவே.

உடையாது வேரோடு பெயர்ந்து விழுந்த பல்லுக்கு முறை வேறு. வேரைத் தொடாது, தலைப்பக்கத்தைப் பிடித்து எடுத்தல் வேண்டும். அழுக்கிருப்பின் பாலிலோ குளிர்ந்த நீரிலோ சில நொடி அலம்புக, தேய்த்தல் கூடாது. உடனே குழியிற் பொருத்தித் துணியைக் கடித்துக்கொள்வது தலையாய முறை. அது கூடாவிடிற் பாலிலிட்டு, ஒரு மணிக்குள் மருத்துவரை அடைக. வெறுநீரில் ஊறவிட்டால் வேரைச் சூழ்ந்த உயிரணுக்கள் வெடித்து மாயும். இளநீரையும் ஆராய்ந்திருக்கின்றனர், அதன் புளிப்புத்தன்மை கருதிப் பாலையே மேலாகக் கொள்ளலாம். நடுக்கடலிற் பாலுக்கு எங்கே போவது? பெரியோராயின் விழுங்காது கன்னத்துள் அடக்கிக்கொண்டு கரை சேரலாம். பாற்பல் விழுந்தால் மட்டும் மீண்டும் பொருத்தலாகாது. உள்ளிருக்கும் புதுப்பல்லின் முளை கெடும்.

பல்லுக்குச் சிப்பி உதவிய செய்தியும் ஒன்றுண்டு. 1931இல் ஹோண்டுராஸ் நாட்டில் அகழ்ந்தெடுத்த பழைய தாடையெலும்பொன்றில், கீழ் முன்பற்கள் மூன்றுக்கு ஈடாகச் சிப்பியோட்டைப் பல்வடிவிற் செதுக்கி அறைந்திருந்தனர். 1970இல் ஆராய்ந்தபோது, அவற்றைச் சூழ எலும்பு வளர்ந்திருந்தது தெரிந்தது. ஆகவே உயிரோடிருந்த மாந்தர்க்கே பதித்தனர் என்க.

இனி, மூழ்கும் தொழிலினர்க்கு ஒன்று. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றது. சங்கு குளிப்பு நிற்கவில்லை. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகும். விரிசற்பல்லிலும் சரிவர அடையாத குழிப்பல்லிலும் சிக்கிய காற்று, மேலே வருங்கால் விரிந்து கடுநோவு தரும். சிலபோது பல்லையே பிளக்கும். ஆழத்தில் நோவால் நிலைதடுமாறுதல் உயிருக்கே இடர். ஆதலின் பல் உடைந்தவர் அதனைச் செப்பனிடுமுன் மூழ்கலாகாது. பெயர்ந்த பல்லைப் பொருத்தினாலோ, மருத்துவர் அதனை அண்டைப் பற்களோடு ஏறக்குறைய இரண்டு வாரம் பிணைத்து வைப்பர். பெரியோர்க்கு அக்காலத்துள் வேர்ச்சிகிச்சையும் வேண்டும். அந்நாள்களிற் கூலியின்றி இருக்க இயலாமையாலேயே பலர் நோவை மறைத்துக் கடலில் இறங்குகின்றனர். அவ்விரு வார உணவுச் செலவினை நம் சங்க நிதியினின்று கொடுப்பதற்கு வழியுண்டா என்பதை நிர்வாகக் குழுவினர் அடுத்த கூட்டத்தில் ஆராயுமாறு வேண்டுகின்றோம்.