கோயில் வாசலில் ஏழாம் உலகம்



பௌர்ணமி இரவில் அண்ணாமலையை வலம்வருகிறோம். 14 கிலோமீட்டர் பாதை. இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை வழியெங்கும் கையேந்தி அமர்ந்திருப்பவர்களைக் காண்கிறோம். சில்லறை போட்டுவிட்டு நடக்கிறோம். அவர்கள் யார், எப்படி அங்கே வந்தார்கள் என்று நின்று கேட்பவர் குறைவு.

அந்தக் கேள்வியை எழுப்பிய நாவல் ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்'. 2003இல் வெளிவந்தது. அறம் செத்துப்போன உலகத்தைக் காட்ட ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் எதிர்காலத்துக்குப் போனார், '1984' எழுதினார். ஜெயமோகனுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பழனி மலையடிவாரமே போதுமானதாக இருந்தது.

நாவலில் போத்திவேலுப் பண்டாரம், உடல் குறைபட்ட மனிதர்களை வாங்கி, விற்று, பிச்சைக்கு உட்கார வைக்கிறார். அவர்களை 'உருப்படி' என்றே அழைக்கிறார். அந்த உருப்படிகளில் ஒருத்தியான முத்தம்மை பெறும் பிள்ளைகளும் அவருக்குச் சரக்குதான். அதே பண்டாரம் வீட்டில் பாசமுள்ள தகப்பன், மகள்களின் கல்யாணத்துக்காக உருகுகிறவர், சாமி கும்பிடுகிறவர். நாவல் நம்மைக் கலங்கடிப்பது இந்த இடத்தில்தான். பக்தியும் பாசமும் நிறைந்த நெஞ்சிலேயே இவ்வளவு கொடுமைக்கும் இடமிருக்கிறது. உருப்படிகளோ தங்களுக்குள் சிரிக்கிறார்கள், பாடுகிறார்கள், ஒருவரையொருவர் தாங்குகிறார்கள்.

இந்த நாவலின் உலகத்தை எடுத்துக்கொண்டு பாலா இயக்கிய 'நான் கடவுள்' 2009இல் வந்தது. வசனம் ஜெயமோகன், இசை இளையராஜா. சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது பாலாவுக்குக் கிடைத்தது. பார்வையற்ற பாடகி அம்சவல்லியாக பூஜாவின் நடிப்பு மறக்க முடியாதது. ஆனால் படத்தில் பண்டாரத்தின் இடத்தில் தாண்டவன் என்ற அரக்கன் நிற்கிறான். காசியிலிருந்து வரும் அகோரி ருத்ரன் அவனை அழிக்கிறான். கொடியவன் மாண்டதும் நமக்கு மனம் ஆறிவிடுகிறது. நாவலில் எந்த ருத்ரனும் வருவதில்லை, மனம் ஆறுவதுமில்லை. அதனால்தான் இரண்டில் நாவலே பெரிது என்கிறேன்.

கதைக்கு வெளியே, நிஜ வாழ்வில், பிச்சைக்காகக் குழந்தையைக் கடத்துவதும் ஊனப்படுத்துவதும் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 139ஆம் பிரிவின்படி கடுங்குற்றம். ஊனப்படுத்தியவருக்கு ஆயுள் தண்டனை வரை உண்டு. எனவே நேயர்களே, அடுத்த கிரிவலத்தில் கையேந்துபவரின் முகத்தைப் பாருங்கள், ஒரு வார்த்தை பேசுங்கள். பிச்சைக்கு வைக்கப்பட்ட குழந்தையைக் கண்டால், காசு போடுவதோடு கடந்துவிடாமல் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை உடனே அழையுங்கள்.