அது ஸ்டோர் ரூம் இல்லை!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! தெரியாததால்தான் நம்ம ஜனங்க கஷ்டப்படுறாங்கன்னு அடித்துப் பேசிய எதிரணி நண்பர்களே! இந்த லண்டன் குளிரிலும் வந்து அமர்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

வெளிநாட்டில் வாழும் நம் குடும்பங்களுக்குத் தடை அறியாமையா, கூச்சமா? கூச்சமே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி ஐயா கேட்டார்: "கவுன்சில் டாக்ஸ் பில்லோட வர்ற காகிதத்தை எவன் படிக்கிறான்?" ஐயா! ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு நோட்டீஸ் வந்தா ரெண்டு பஸ் மாறிப் போற ஆளுங்க நாம. தள்ளுபடின்னு இருந்தா படிக்காம விடுவோமா? (சிரிப்பு)

நடுவர் அவர்களே, இங்கிலாந்தில் 1993-லிருந்து இந்த வீட்டு வரி இருக்கிறது. 1991-ஆம் ஆண்டு மதிப்பை வைத்து, வீடுகளை ஏ முதல் எச் வரை எட்டுப் படியாகப் பிரித்திருக்கிறார்கள். மாற்றுத்திறனாளி ஒருவர் வசிக்கும் வீட்டில் அவருக்காகவே ஒரு வசதி தேவைப்பட்டிருந்தால், ஒரு படி குறைத்து வரி போடுவார்கள். என்ன வசதி? பெரும்பாலும் அவரே பயன்படுத்தும் ஓர் அறை, அல்லது அவருக்காக இன்னொரு குளியலறையோ சமையலறையோ, அல்லது வீட்டுக்குள் சக்கர நாற்காலி போய்வர இடம். இதில் ஒன்று போதும். வீடு அவர் பெயரில் இருக்க வேண்டியதில்லை. பச்சைக் குழந்தையாக இருந்தாலும் சரி. உங்க சம்பளம் என்னன்னும் கேட்கமாட்டாங்க. டி படியில் 1,800 பவுண்டு கட்டுற வீடு, சி கணக்கில் 1,600 கட்டினால் போதும். ஏ படிக்குக் கீழே படியே கிடையாது. ஆனால் 2000-லிருந்து அந்த வீட்டுக்கும் குறைப்பு உண்டு.

இது தருமம் இல்லைங்க. நாற்காலி திரும்ப இடம் வேணும்னு பெரிய வீடா பார்த்தா, வரியும் பெரிசாகுது. பிள்ளையின் குறைபாட்டுக்கு வரி வாங்கக்கூடாது என்பதுதான் இதிலுள்ள நியாயம்.

ஆனால் ஒன்று. மனு கொடுத்தால்தான் கிடைக்கும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்!

நான் அழவில்லை. என் மகனுக்கு நடக்க வராது. மாடி ஏற முடியாதுன்னு கீழே முன்னறையை அவனுக்குப் படுக்கையறை ஆக்கினோம். 2015-லேயே அந்தக் காகிதத்தை எழுத்து விடாமல் படித்தேன். 2019 வரைக்கும் மனு போடலை. ஏன்? ஊர்ல இருந்து யார் வந்தாலும் அந்தக் கதவைச் சாத்திடுவேன். "அது என்னம்மா ரூம்?"னு கேட்டா, "ஸ்டோர் ரூம்"னு சொல்லுவேன். பொண்ணுக்கு நாளைக்கு வரன் பார்க்கணுமே, நாலு பேர் என்ன பேசுவாங்களோன்னு பயம். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் கேட்டுக்கிட்டுதான் இருந்திருக்கான்... பெத்த தாய் நான்.

யாருக்கு வரன் பார்க்கணும்னு பயந்தேனோ, அந்தப் பொண்ணுதான் கடைசியில் படிவத்தை எடுத்து நிரப்பினாள். "அந்த அறை எது?" என்ற இடத்தில் என்ன எழுதினாள் தெரியுமா? "என் தம்பியின் அறை."

கவுன்சிலிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். நான் கதவைத் திறக்கப் போனேன். அவர் என்னைத் தடுத்துவிட்டு, கதவை மெதுவாகத் தட்டி, "உள்ளே வரலாமா?" என்று என் மகனிடம் கேட்டார். அவன் முகத்தைப் பார்க்கணுமே! எங்க வீட்டுல அவன்கிட்ட அனுமதி கேட்டு உள்ளே போன முதல் ஆள் அவர்தான். (கைதட்டல்)

வரி குறைந்தது, உண்மை. ஆனால் அந்தக் கதவு அன்றையிலிருந்து சாத்தவே இல்லை.

எதிரணி நண்பர்களே! அறியாமை என்றால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித் தீர்த்துவிடலாம். கூச்சத்தை வீட்டிலிருக்கிறவர்தான் தீர்க்கணும். எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தே நாலு வருஷம் என் பிள்ளையை ஒளித்து வைத்தேன். ஆகவே பெருந்தடை கூச்சமே! கூச்சமே என்று நடுவர் அவர்கள் தீர்ப்பு வழங்க வேண்டும் எனக் கேட்டு அமர்கிறேன்.