மூன்று வரி அட்டை

பேஸ்பால் ஆட்டம் மும்முரமாகப் போய்க்கொண்டிருக்கும். பந்தைப் பிடிக்க நிறுத்தப்பட்ட பையன் குனிந்து புல்லைப் பிய்த்துக்கொண்டிருப்பான். மைதானத்துக்குள்ளேயே நின்று பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் கல்லூரி மாணவர் அவனை அதட்ட மாட்டார். "இப்போ ஸ்கோர் என்ன? எத்தனை பேர் அவுட்?" என்று கேட்பார். சரியாகச் சொன்னால் புள்ளி உண்டு. தெரியாமல் முழித்தால் புள்ளி இல்லை, அவ்வளவுதான். ஆட்டம் தொடரும். கொஞ்ச நேரத்தில் அதே கேள்வி மறுபடி வரும்.

வில்லியம் பெல்ஹாம் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1980-இல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கோடைக்கால முகாமில் இது அன்றாடக் காட்சி. பிறகு பிட்ஸ்பர்க், பஃபலோ, கடைசியாக மயாமி என்று அவர் வேலை மாறிப் போன ஊருக்கெல்லாம் முகாமும் கூடவே போனது. 2023-இல் காலமாகும் வரை அவர் அந்த வேலையை விடவில்லை. முகாமுக்கு வந்த பிள்ளைகள், கவனக் குறைவும் அடங்காத துறுதுறுப்பும் சேர்ந்த, ஏ.டி.எச்.டி. என்று மருத்துவர்கள் சொல்லும் நிலை உள்ளவர்கள்.

நேயர்களே, இப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டிலோ, உங்கள் வகுப்பிலோ இருந்தால் இந்தப் பதினைந்து நிமிடம் குறிப்பாக உங்களுக்குத்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வகுப்பில் ஓடக் கூடாது, குறுக்கே பேசக் கூடாது, கை தூக்கிவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் இந்தப் பிள்ளைக்கு மனப்பாடம். கேட்டால் கடகடவென ஒப்பிப்பான். தெரிந்ததை, தேவைப்படும் அந்த நொடியில் செய்வதுதான் அவனுக்குக் கைகூடுவதில்லை. ரஸ்ஸல் பார்க்லி என்ற உளவியலாளர் இதைப் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருகிறார். மூளைப் படங்களும் இதே பக்கம்தான் கை காட்டுகின்றன. அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த பிலிப் ஷாவும் குழுவினரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இந்நிலை உள்ள 223 பிள்ளைகளின் மூளைப் புறணி முதிரும் வேகத்தை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். மற்றவர்களுக்கு ஏறத்தாழ ஏழரை வயதில் வந்த வளர்ச்சி, இவர்களுக்குப் பத்தரை வயதில் வந்தது. சராசரியாக மூன்று ஆண்டு தாமதம். வளர்ச்சியின் வரிசையில் கோளாறு இல்லை, வருவதற்குத்தான் நாளாகிறது.

ஆகவே, "எத்தனை தடவை சொன்னாலும் புத்தி வராது" என்று ஒரு தாய் வருந்தும்போது, அவர் நூறாவது தடவையும் அதே அறிவுரையைச் சொல்லிக் களைத்துப்போவதை நினைத்தால்தான் மனம் சங்கடப்படுகிறது. அறிவுரை காலையில் பள்ளி வாசலில் கிடைக்கிறது. தவறு நடப்பது பதினொன்றரை மணிக் கணக்கு வகுப்பில். இடையில் உள்ள மூன்று மணி நேரத்தில் அந்த வார்த்தைகள் காற்றோடு போய்விடுகின்றன. தண்டனையும் அப்படித்தான். மாலையில் அப்பா வந்து கொடுக்கும் அடி, அப்பாவிடம் எதை மறைக்க வேண்டும் என்பதைத்தான் கற்றுக்கொடுக்கும்.

பெல்ஹாம் இதைத் தலைகீழாக மாற்றிப்போட்டார். பாராட்டும் புள்ளியும் செயல் நடந்த இடத்திலேயே, நடந்த உடனேயே கிடைக்க வேண்டும் என்றார். முகாமில் பிள்ளைகள் சிறு சிறு குழுக்களாக இருப்பார்கள். விதியைப் பின்பற்றினால் புள்ளி, ஒருவனுக்கு உதவினால் புள்ளி, யாராவது சீண்டும்போது கண்டுகொள்ளாமல் இருந்தால் அதற்கும் புள்ளி. கேலி செய்தாலும் அடித்தாலும் புள்ளி குறையும். வெள்ளிக்கிழமை வெளியே கூட்டிப்போவது போன்ற சலுகைகள் சேர்ந்த புள்ளிகளைப் பொறுத்தவை. எட்டு வாரம், வாரத்தில் ஐந்து நாள், காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை என்று கணக்கிட்டால் 360 மணி நேரம். வாரம் ஒரு மணி நேரம் ஆலோசகரிடம் கூட்டிப்போகும் குடும்பம் இந்த அளவைத் தொட ஏழு ஆண்டு ஆகும்! ஜப்பானின் குரூமே நகரில் இதே முறையைச் சுருக்கி 2005 முதல் நடத்தியிருக்கிறார்கள்.

சரி, மருந்து கொடுத்தால் போதாதா என்ற கேள்வி வரும். வர வேண்டிய கேள்விதான். பெல்ஹாமின் குழு முகாமின் பேஸ்பால் மைதானத்தில் இதைச் சோதித்துப் பார்த்து 1990-இல் முடிவுகளை வெளியிட்டது. மெத்தில்ஃபெனிடேட் மருந்து சாப்பிட்ட நாட்களில் பிள்ளைகள் ஆட்டத்தைக் கூர்ந்து கவனித்தார்கள், ஸ்கோர் கேட்டால் சொன்னார்கள். ஆனால் ஆட்டத் திறமை பெரிதாகக் கூடவில்லை. பந்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. 2022-இல் வெளியான இன்னொரு முகாம் ஆய்வில், 7 முதல் 12 வயதுக்குள் 173 பிள்ளைகள். மருந்து சாப்பிட்டபோது அவர்கள் அமைதியாக உட்கார்ந்தார்கள், கொடுத்த கணக்குகளைக் கூடுதலாகப் போட்டார்கள். புதிதாக நடத்திய பாடத்தையும் சொற்களையும் எந்த அளவு கற்றுக்கொண்டார்கள் என்பதில் வித்தியாசம் தெரியவில்லை.

இதைக் கேட்டுவிட்டு யாரும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது, நேயர்களே. அது மருத்துவரோடு உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு. 579 பிள்ளைகளை வைத்து நடந்து 1999-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், கவனக்குறைவு, துறுதுறுப்பு போன்ற அடிப்படை அறிகுறிகளைக் குறைப்பதில் கவனமாக அளவிட்டுக் கொடுத்த மருந்துதான் முந்தி நின்றது. நடத்தைப் பயிற்சியும் சேர்ந்தபோது குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருந்தது. மருந்து கதவைத் திறந்து வைக்கும். உள்ளே அழைத்துப்போக ஒரு கை வேண்டும்.

அந்தக் கையின் வேலையைச் செய்யும் எளிய கருவி ஒன்று உண்டு. முகாமோ, மைதானமோ, கல்லூரி மாணவர்களோ தேவையில்லை. கால் தாள் போதும். பெல்ஹாம் தன் வாழ்நாள் முழுக்கப் பரப்பிய தினசரி அட்டை அது. வகுப்பாசிரியர் மூன்று நான்கு நடத்தைகளை எழுதி, ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் ஆம், இல்லை என்று குறித்து மாலையில் வீட்டுக்கு அனுப்புவார். வீட்டில் அன்றைக்கே பரிசு.

கேட்க எளிதாக இருக்கும். எழுத உட்கார்ந்தால்தான் கை தடுமாறும். ஒரு நான்காம் வகுப்புப் பையனுக்காக அவனுடைய டீச்சர் முதலில் எழுதிய அட்டை இப்படி இருந்தது: ஒழுங்காக நடந்துகொள்வது, சேட்டை செய்யாமலிருப்பது, சொன்ன பேச்சைக் கேட்பது. ஆலோசகர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "மாலை நாலு மணிக்கு இதில் எதற்கு டிக் போடுவீங்க டீச்சர்?" என்று கேட்டார். டீச்சரால் பதில் சொல்ல முடியவில்லை. சில நாள் வெறுமனே எண்ணிப் பார்க்கச் சொன்னார் ஆலோசகர். எண்ணியதில், கணக்கு வகுப்பில் மட்டும் பையன் பத்துத் தடவைக்குக் குறையாமல் கை தூக்காமலே பதிலைக் கத்துகிறான் என்று தெரிந்தது. அதில் பெரும்பாலானவை சரியான பதில்கள் என்பதும் அப்போதுதான் டீச்சர் கவனத்துக்கு வந்தது.

புது அட்டை பிறந்தது. கணக்கு வகுப்பில் கை தூக்காமல் பதில் சொல்வது ஐந்து தடவைக்குள். வீட்டுப்பாடத்தை டைரியில் எழுதி மிஸ்ஸிடம் காட்டுவது. சாப்பாட்டு மணி முடிந்ததும் இரண்டு தடவை சொல்வதற்குள் இடத்தில் உட்கார்வது.

ஏன் ஐந்து, ஏன் பூஜ்யம் இல்லை என்று கேட்கலாம். முதல் வாரத்திலேயே பிள்ளை ஜெயித்துப் பார்க்க வேண்டும். நான்கில் மூன்று நாளாவது டிக் விழும்படி இலக்கு வைப்பது இந்த முறையின் உயிர்நாடி. ஐந்து கைவந்த பிறகு நான்கு, பிறகு மூன்று. எட்ட முடியாத இலக்கை வைத்தால் இரண்டாம் நாளே அட்டை பஸ்ஸில் தொலைந்துபோகும். எல்லா வீட்டிலும் தொலைகிறது!

பரிசுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். இந்தப் பையன் வீட்டில் மூன்று டிக் என்றால் தாத்தாவோடு ஒரு கேரம் ஆட்டம், இரண்டு என்றால் ராத்திரி தோசையா சப்பாத்தியா என்று முடிவு செய்யும் உரிமை. டிக்கே இல்லாத நாளில் அம்மா, "பரவாயில்ல, நாளைக்குப் பார்க்கலாம்" என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டார். அந்த ஒரு வரியில் நிறுத்துவது அவருக்கு எவ்வளவு சிரமமாக இருந்திருக்கும் என்பது தாய்மார்களுக்குத் தெரியும். கேரம் சலித்தபோது பரிசை மாற்றினார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு எதுவும் சீக்கிரம் சலிக்கும், பரிசும் அதற்கு விலக்கில்லை.

பையனின் அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "செய்ய வேண்டியதைச் செய்யறதுக்கு லஞ்சமா?" என்றார். பல அப்பாக்கள் கேட்பதுதான், நியாயமான கேள்வியும்கூட. பெரியவர்கள் மாசக் கடைசியில் வரும் சம்பளத்துக்காக மாதம் முழுக்க வேலை செய்கிறோம். அவ்வளவு தூரத்தில் இருக்கும் பலனைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் திறன்தான் இந்தப் பிள்ளைக்கு இன்னும் வளரவில்லை. முழு ஆண்டுத் தேர்வில் நல்ல மார்க் வாங்கினால் சைக்கிள் என்ற வாக்குறுதி அவனை ஒரு மணி நேரம்கூட உட்கார வைக்காது. சாயங்காலக் கேரம் வைக்கும். அடம்பிடித்து அழும்போது வாயை மூட மிட்டாய் கொடுப்பதுதான் தவறு. முன்கூட்டியே பேசி முடித்த பரிசில் அந்தத் தவறு இல்லை.

பாராட்டும் இப்படிக் குறிப்பாக இருந்தால் வேலை செய்யும். "குட் பாய்" என்றால் எதற்கு என்று அவனுக்குப் புரியாது. "அவள் பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தியே, அது நல்லா இருந்துச்சு" என்றால் புரியும். கட்டளையும் அப்படித்தான். "பையை வை, யூனிஃபார்ம் மாத்து, கை கால் கழுவு, டிபன் பாக்ஸைப் போடு" என்று சமையலறையிலிருந்து நான்கையும் ஒரே மூச்சில் சொன்னால் ஒன்றும் நடக்காது. பக்கத்தில் போய், முகம் பார்த்து, ஒன்றைச் சொல்லிவிட்டு அது முடியும்வரை நிற்க வேண்டும்.

எதிலிருந்து தொடங்குவது என்பதற்கும் பெல்ஹாம் விடை தேடினார். 2016-இல் வெளியான ஆய்வில் 5 முதல் 12 வயதுக்குள் 146 பிள்ளைகள். பாதிப் பேருக்கு முதலில் குறைந்த அளவு மருந்து. மற்றவர்களின் பெற்றோருக்கு முதலில் எட்டு குழுப் பயிற்சி வகுப்புகள், பள்ளியில் தினசரி அட்டை. போதிய முன்னேற்றம் இல்லாதபோது அளவைக் கூட்டினார்கள் அல்லது மற்றதைச் சேர்த்தார்கள். ஆண்டு இறுதியில், பயிற்சியில் தொடங்கிய பிள்ளைகள் வகுப்பு விதிகளை மீறியது குறைவாக இருந்தது. மருந்தில் தொடங்கியவர்களின் பெற்றோரைப் பிறகு பயிற்சிக்கு அழைத்தபோது பெரும்பாலோர் சரியாக வரவே இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2019 வழிகாட்டுதலில், நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் பயிற்சியைத்தான் முதலில் வைக்கிறது.

நேரம் முடிகிறது. அட்டைக்கு முன்னால் பரிசோதனை அவசியம். காது கேட்பதில் குறை, தூக்கக் குறைவு, வீட்டுச் சண்டை எல்லாமே கவனத்தைக் கெடுக்கும். நம் நாட்டில் 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில், அரசுப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வரும் மருத்துவக் குழு பார்க்க வேண்டிய பட்டியலில் இந்த நிலையும் இருக்கிறது. தேவைப்பட்டால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்குப் போகிறவர்களில் சிலராவது புகாரை மட்டும் கேட்டுக்கொண்டு திரும்பாமல், வெற்று அட்டை ஒன்றைக் கையோடு கொண்டுபோய், "மிஸ், மூணு வரி சேர்ந்து எழுதலாமா?" என்று கேட்பார்கள் என்ற நம்பிக்கையோடு இந்த உரை விடைபெறுகிறது.