வானத்துக் கண்ணும் ஊராரின் கடமையும்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



கைத்தெளிப்பானை முதுகில் சுமந்து நாம் அரை நாள் பாடுபட்ட வேலையை, ட்ரோன் என்னும் பறக்கும் கருவி இன்று சில நிமிஷங்களில் முடித்துவிடுகிறது. அதனை நாம் வரவேற்கிறோம். ஆயின், காமிரா பொருத்திய சிறு ட்ரோன்களும் பெருகிவிட்டன. நம் கிராமங்களில் பல வீட்டுக் குளியலிடங்களுக்குச் சுற்றிலும் கீற்று மறைப்பு உண்டு. மேலே கூரை இல்லை. மேலிருந்து பார்ப்பவர் எவரும் இதுகாறும் இருந்ததில்லை அல்லவா?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு இதற்கு வழி செய்கிறது. பிறர் பாரார் என்று நம்பி, உடை களைந்த நிலையிலோ கழிப்பிடத்திலோ இருக்கும் பெண்ணைப் பார்ப்பதும், படமெடுப்பதும், அப்படத்தைப் பரப்புவதும் குற்றமாகும். முதன்முறை ஓராண்டுக்குக் குறையாமல் 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. மறுமுறை 3 முதல் 7 ஆண்டு வரை. பிரிவில் ட்ரோன் என்ற சொல் இல்லை. கண் மரத்தின் மேலிருந்தாலும் வானில் பறந்தாலும் குற்றம் ஒன்றே.

திருவிழாக் கூட்டத்தின்மீது அஜாக்கிரதையாகப் பறக்கவிட்டுப் பிறர் உயிருக்கு அபாயம் விளைத்தால் 125ஆம் பிரிவு பாயும். கொடுங்காயம் ஏற்பட்டால் 3 ஆண்டு வரை சிறை. அன்றியும், 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி கருவிக்குப் பதிவு எண் வேண்டும். வாடகைக்கு மருந்து தெளிப்பவருக்கு ஓட்டுநர் சான்றிதழும் வேண்டும். இரண்டையும் கேட்டுப் பார்த்த பின்னரே வயலில் இறங்க விடுங்கள்.

முறையீடு வரும்போது நாம் இரண்டு தவறுகளைச் செய்யக்கூடும். ஒன்று, கல்லெறிந்து கருவியை வீழ்த்துவது. அது குழந்தையின் தலையில் விழலாம், சாட்சியம் அழியலாம், சொத்துச் சேதம் என்று நம்மீதே வழக்கும் வரலாம். மற்றொன்று, "அறியாப் பிள்ளை" என்று மன்னிப்புக் கேட்கச் செய்து பஞ்சாயத்திலேயே முடித்துவிடுவது. வெளியே சென்றுவிட்ட படத்தை எந்த மன்னிப்பும் திரும்பக் கொணராது. இக்குற்றத்தைத் தீர்த்து வைக்க நமக்கு அதிகாரமும் இல்லை.

ஆகவே, கருவி வந்த நேரம், திசை, இறங்கிய இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு உடனே போலீஸ் நிலையத்தில் புகார் கொடுக்க உதவுவோம். எல்லை எதுவாயினும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டுமென்பது சட்டம். பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைச் சபையில் உச்சரிக்க வேண்டாம். படத்தை எவரும் கைமாற்ற வேண்டாம்.

அடுத்த கிராம சபையில் இவற்றை எடுத்துச் சொல்லுங்கள். ட்ரோன் நம் வயலின்மேல் பறக்கட்டும். நம் பெண்களின் மானத்தின்மேல் பறக்க வேண்டாம்.