மாத்திரையும் மன்றாட்டும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் சுகாதாரத் தன்னார்வலர் ஒருவர் பேசியது)



மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியது. நம்ம பனிமய மாதா திருவிழா நாள், அதனால் தேதி எனக்கு மறக்காது. சுய உதவிக் குழுப் பெண்களைத்தான் அந்த வேலைக்கு எடுத்தார்கள். பிரஷர் மிஷினையும் சுகர் மிஷினையும் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறதில் நான் பார்த்த ஒரு விஷயத்தை மட்டும் பேசுகிறேன்.

கையில் பட்டியைச் சுற்றும்போது, "ராத்திரி தூக்கம் வருதாக்கா?" என்று கேட்பேன். அப்போதுதான் உள்ளே இருப்பது வெளியே வரும். கடலுக்குப் போன மகன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. குடித்துவிட்டு அடிக்கிற புருஷனோடு இருபது வருஷம். தலைவலி, படபடப்பு, வயிற்றெரிச்சல் என்று எத்தனையோ ஆஸ்பத்திரி பார்த்திருப்பார்கள். "டெஸ்ட் எல்லாம் நார்மல், உனக்கு ஒண்ணுமில்ல" என்று அனுப்பியிருப்பார்கள். ஒண்ணுமில்லாமலா வலிக்கும்?

பயம் வந்தால் உடம்பு ஓடுவதற்குத் தயாராகிறது. அட்ரினலின், கார்டிசால் என்று சில ஹார்மோன்கள் சுரந்து, இதயம் வேகமாக அடிக்கும், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும். ஆபத்து போனதும் இறங்கிவிடும். ஆனால் ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருந்தால்? மகன் வருவான் என்று வாசலைப் பார்த்தே வருஷம் போனால்? உடம்பு காவல் நிற்பதை விடாது. அப்படியே பிரஷர், சுகர், தூக்கமின்மை எல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். அதற்காக நெஞ்சுவலி வந்தால் "மனசுதான்" என்று இருந்துவிடக் கூடாது. முதலில் ஈசிஜி, பிறகு மற்றது.

இந்த அக்காமார் முதலில் போகிற இடம் கோயில். மாதா கோயில், உவரி அந்தோனியார், திருச்செந்தூர், ஏர்வாடி தர்கா. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நவநாளில் முக்காட்டுக்குள் அழுதால் ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்தில் இருப்பவள் தோளைத் தொடுகிறாள். மூச்சு சீராகிறது. வீட்டில் இது கிடைக்குமா?

தகராறு வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு அக்கா, செபக் கூட்டத்தில் சுகம் கிடைத்துவிட்டது என்று பிரஷர் மாத்திரையை நிறுத்தினார். சாப்பிட்டால் விசுவாசக் குறைவு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூன்றாம் மாதம் பக்கவாதம். இப்போது இடது கையால்தான் ரேகை வைக்கிறார்.

நம்ம கடற்கரையிலேயே பெரிய பாடம் ஒன்று உண்டு. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. தர்காவில் குணமாகும் என்று குடும்பத்தார் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது. அதே தர்காவில் பிறகு அரசு மனநல மருத்துவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். 'தவா துவா' என்று பெயர். தவா என்றால் மருந்து, துவா என்றால் பிரார்த்தனை. தொழுகையை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஓதிவிட்டு வருகிறவர் மாத்திரையும் வாங்கிக்கொண்டு போகலாம். எனக்குப் பிடித்த ஏற்பாடு அது.

14416 என்று ஒரு நம்பர் இருக்கிறது, டெலி மானஸ். ராத்திரி பகல் எப்போதும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. வீட்டில் அடி என்றால் 181. நம்ம தூத்துக்குடி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு உண்டு. அங்கே போகிறவளைப் பைத்தியம் என்று சொல்கிற வாயை நம்ம குழுக்கள்தான் அடைக்க வேண்டும்.

குழுக் கூட்டத்தில் சந்தாவும் தவணையும் எழுதி முடித்ததும், "யாருக்கெல்லாம் தூக்கம் வரல?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். யாராவது நேர்ச்சைக்காக மாத்திரையை நிறுத்தப் போகிறேன் என்றால் சண்டை போடாதீர்கள். எனக்குப் போன் பண்ணுங்கள். கோயிலுக்கு நானும் கூட வருகிறேன், மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு.