பாளையம்: படை இறங்கிய சொல்

கோவையிலிருந்து வடக்கே பஸ் ஏறினால் கவுண்டம்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம், பெரியநாயக்கன்பாளையம் என்று கண்டக்டர் குரல் கொடுத்துக்கொண்டே வருவார். கடைசி நிறுத்தம் மேட்டுப்பாளையம். நாம் நாள்தோறும் சொல்லும் இந்தப் 'பாளையம்' ஒரு படைச்சொல். படை தங்கும் இடம் என்பதே அதன் பொருள். தமிழ் விவிலியம் வாசிப்பவர்களுக்கு இது பழக்கமானது. இஸ்ரவேலர் கூடாரம் போட்டுத் தங்கிய இடத்தை அது 'பாளயம்' என்றே சொல்கிறது.

16ஆம் நூற்றாண்டில் மதுரை விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள் என்பது வரலாறு. பாளையக்காரர் வரி தண்டுவார், ஊர்க்காவல் பார்ப்பார், போர் என்றால் ஆளும் ஆயுதமுமாக வந்து நிற்பார். தங்குமிடத்தின் பெயர் இப்படி ஆட்சிப் பகுதிக்கும் ஆகிவந்தது.

ஒரு படை மாதக்கணக்கில் ஓரிடத்தில் தங்கினால் வீரர்கள் மட்டுமா தங்குவார்கள்? குதிரைக்குக் கொள்ளும் புல்லும் வேண்டும். ஈட்டி அடிக்கக் கொல்லர், சேணம் தைப்பவர், துணி வெளுப்பவர், பானை வனைபவர், உப்பு புளி விற்பவர் எல்லோரும் வந்து சேர்வார்கள். கிணறு வெட்டுவார்கள், மாரியம்மனுக்கு ஒரு மேடை எழும்பும். படை கிளம்பினாலும் கிணறும் சந்தையும் எங்கே போகும்? கூடாரம் ஊரானது இப்படித்தான் என்று நான் நம்புகிறேன். பிறகு படையே வராத குடியிருப்புக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் எல்லாப் பாளையத்திலும் போர்க்களம் தேட வேண்டியதில்லை.

1801இல் கிழக்கிந்தியக் கும்பினியார் தெற்குப் பாளையங்களை ஒடுக்கி, ஆயுதங்களைப் பறித்து, கோட்டைகளை இடித்தார்கள். கொங்கில் ஓடாநிலைக் கோட்டையில் இருந்து எதிர்த்த தீரன் சின்னமலையை 1805இல் சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள். ஆடிப்பெருக்கன்று இன்றும் அவரை நினைக்கிறோம். எஞ்சிய பாளையக்காரர்கள் பலர் ஜமீன்தார்கள் ஆனார்கள். வாள் போன பிறகும் ஊர்ப்பெயரை யாரும் மாற்றவில்லை.

இன்றைக்கும் நம் பக்கத்தில் ஒரு பாளையத்தில் படை இருக்கிறது. சூலூர் விமானப்படைத் தளம் இருப்பது காங்கயம்பாளையத்தில். உள்நாட்டில் உருவான தேஜஸ் போர் விமானங்களின் முதல் அணி 2018இல் அங்கே வந்து சேர்ந்தது.