வாளுக்கு எஃகு தேர்தல்

கையால் அடித்துச் செய்யும் வாளுக்கு எந்த எஃகு ஏற்றது என்பதை, அந்த வாள் என்ன வேலைக்கு என்பதே முதலில் தீர்மானிக்கிறது. சுவரில் மாட்டி வைக்கவும், கோரைப்பாய்ச் சுருளை வெட்டிப் பழகவும், வாளோடு வாள் மோதும் பயிற்சிக்கும் ஒரே உலோகம் பொருந்தாது. கத்தியைப் பெரிதாக்கினால் வாள் ஆகிவிடும் என்ற எண்ணமே வாங்குபவர்களிடம் அதிகம் காணப்படும் பிழை. சமையல் கத்தி சிறியது. பலகைமேல் வைத்து அறுப்பது. அதற்குக் கூர் மழுங்காமல் நிற்பதே பெரிது. வாளோ எழுபது, எண்பது சென்டிமீட்டர் நீள அலகோடு வேகமாக வீசப்படுவது. வெட்டு சற்றே கோணித் தவறினாலும் அதன் அதிர்ச்சி அலகு முழுவதும் பாயும். ஆகவே வாளுக்கு முறியாமை முதலில், கடினம் அடுத்ததுதான். கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவுகோலில் நல்ல சமையல் கத்தி 58 முதல் 62 வரை நிற்கும். முழுவதும் ஒரே பதத்தில் அமைந்த வாளுக்கு 50ஐ ஒட்டிய கடினமே போதும்.

எஃகின் குணத்தை முதலில் நிர்ணயிப்பது அதிலுள்ள கரிமம். 0.3 சதவீதத்துக்கும் குறைந்த கரிமமுள்ள இரும்பை சூடேற்றித் தண்ணீரிலோ எண்ணெயிலோ எத்தனை முறை தோய்த்தாலும் வாளுக்குரிய கடினம் ஏறாது. 0.8 சதவீதத்தைத் தாண்டிவிட்டால், மிகுதிக் கரிமம் கடினமான கார்பைடு துகள்களாகத் தங்கி, கூர்மையை நீண்ட நாள் காக்கும். கூடவே முறியும் அபாயத்தையும் வளர்க்கும். இடைப்பட்ட 0.5 முதல் 0.7 சதவீதம் வரைதான் வாள்கொல்லர்கள் அதிகம் நாடும் எல்லை. அமெரிக்கக் குறியீட்டில் 1060 என்றால் 0.60 சதவீதக் கரிமம் கொண்ட சாதாரண கரிம எஃகு. 1075, 1095 அதே வரிசையில் மேலே போகின்றன. 1095 கத்திக்கு அருமையானது. வாளுக்கு அதைக் கேட்பவர், மிகுந்த தேர்ச்சியுள்ள கொல்லர் கிடைத்தால் மட்டுமே கேட்கலாம்.

துருப்பிடிக்காத எஃகைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. அதில் குரோமியம் சுமார் 12 சதவீதத்துக்கு மேல் இருக்கும். குறுங்கத்திக்கு அது சரி. நீண்ட அலகாக்கி ஓங்கி வெட்டினால் முறியும் வாய்ப்பு அதிகம். கடைகளில் பளபளக்கும் மலிவு வாள்கள் பல இந்த வகையே; அவற்றின் இடம் சுவர்.

ஸ்பிரிங் செய்யப் பயன்படும் வில் எஃகுகள்தான் உண்மையில் வாளின் நண்பர்கள். 5160 என்ற வகையில் 0.6 சதவீதக் கரிமத்தோடு சுமார் 0.8 சதவீதக் குரோமியம் சேர்ந்திருக்கும். 9260இல் குரோமியத்துக்குப் பதில் ஏறத்தாழ 2 சதவீதம் சிலிக்கான். இந்தியச் சந்தையில் இ.என். 45 என்ற பெயரில் கிடைப்பதும் இதே சிலிக்கான் குடும்பம்தான். ஓயாமல் வளைந்து நிமிர்வதற்கென்றே பிறந்த உலோகங்கள் இவை. லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அரிவாள் அடிக்கும் தமிழ்நாட்டுக் கொல்லர்கள் இந்தக் குணத்தைப் பட்டறை அனுபவத்திலேயே கண்டுகொண்டவர்கள். ஆனால் அரிவாளுக்குப் பொருந்தும் பழைய பட்டை, வாளுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. பல லட்சம் முறை அதிர்ந்த பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒளிந்திருக்கலாம். குட்டையான, தடித்த அரிவாளில் அது தீங்கு செய்யாமல் போகலாம். மெல்லிய நீண்ட அலகில் அதே இடத்தில்தான் வாள் முறியும். கலவைச் சான்றிதழோடு வரும் புதிய பட்டையின் விலை, வாளின் மொத்தக் கூலியில் சிறு பகுதியே. அங்கே மிச்சம் பிடிப்பதில் பொருளில்லை.

வளைவது பற்றி இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. நல்ல எஃகுதான் நன்றாக வளையும் என்பார்கள். உண்மையில் எல்லா எஃகின் விறைப்பும் ஏறக்குறைய ஒன்றே. தோய்த்தாலும் தோய்க்காவிட்டாலும் அது பெரிதாக மாறுவதில்லை. எவ்வளவு எளிதாக வளையும் என்பது அலகின் தடிமனைப் பொறுத்தது. சிலம்பக்காரர் சுழற்றும் சுருள்வாள் சுருள்வது அது தகடாக மெலிந்திருப்பதால். வளைத்துவிட்டால் பழையபடி நிமிருமா, கோணலாகவே நிற்குமா, ஒடியுமா என்பதில்தான் எஃகின் வகையும் தோய்ச்சலும் பேசுகின்றன.

தோய்ச்சலில்தான் கொல்லரின் திறமை முழுவதும் வெளிப்படும். செஞ்சூடேறிய இரும்பைச் சுமார் 770 டிகிரி செல்சியசில் காந்தம் ஈர்ப்பதில்லை. உலையருகே காந்தத்தைத் தொங்கவிட்டிருக்கும் பட்டறைகள் இதை அடையாளமாகக் கொள்கின்றன. அதற்குச் சற்று மேலே சூடேற்றித் தோய்க்க வேண்டும். 1095 போன்ற சாதாரண கரிம எஃகு ஒரு விநாடிக்குள் பெருமளவு சூடு இறங்கினால்தான் கடினப்படும். அதனால் தண்ணீரோ வேகமான எண்ணெயோ தேவை. தண்ணீரில் அலகு வெடிப்பது எந்தக் கொல்லரும் அஞ்சும் விபத்து. 5160 நிதானமான எண்ணெயிலேயே கடினப்படும். ஆனால் அதன் குரோமியம் முறையாகக் கரைய, சூட்டைச் சில நிமிடம் ஒரே அளவில் நிறுத்த வேண்டும். வாள் நீளத்துக்கும் சீராகச் சூடேற்றும் உலை இல்லாத பட்டறைக்கு அதுவும் எளிதல்ல. தோய்த்த அலகு கண்ணாடியைப் போல ஒடியக்கூடியது. மறுபடி மட்டான சூட்டில் வைத்துப் பதம் தணித்த பிறகே அது ஆயுதமாகிறது. பெயர்பெற்ற எஃகு மோசமான தோய்ச்சலில் வீணாவதும், சாதாரண 1060 நல்ல கையில் அருமையான வாளாவதும் இதனால்தான்.

ஜப்பானிய வாளின் விளிம்போரம் ஓடும் வெண்கோலம் வேண்டுமானால் கணக்கு மாறும். முதுகில் களிமண் பூசித் தோய்க்கும்போது விளிம்பு மட்டும் கடினப்பட்டு, அந்த எல்லைக்கோடு தெரிகிறது. மாங்கனீசு குறைந்த கரிம எஃகே அதைத் தெளிவாகக் காட்டும். 5160இல் அது மங்கல். ஜப்பானில் மரபு வழியில் பயன்படுவது தமஹகானே என்ற எஃகு. ஷிமானே மாகாணத்தில் 1977இல் மீண்டும் மூட்டப்பட்ட தத்தாரா உலையில், இரும்பு மணலும் மரக்கரியும் மூன்று இரவு பகல் எரிந்து இந்த எஃகு உருவாகிறது. அதை மடித்து மடித்து அடிப்பது கசடை வெளியேற்றி, கரிமத்தைச் சீராகப் பரப்ப. தூய நவீன எஃகை அப்படி மடிப்பதால் வலிமை கூடாது. அழகு கூடும், அவ்வளவே.

தென்னிந்தியாவில் மூசையில் உருக்கி வார்க்கப்பட்டு, வூட்ஸ் என்ற பெயரில் மேலை நாடுகளுக்குச் சென்ற உருக்கிலும் கொல்லரின் திறமையே முக்கியம். சேலம் வட்டாரமும் அதன் பழைய உற்பத்தியிடங்களுள் ஒன்று. இந்த உருக்கில் கரிமம் ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் வரை. வெண்சூட்டில் அடித்தால் நொறுங்கிப்போகும். குறைந்த சூட்டில் பொறுமையாக அடித்தவர்களுக்கே அலையலையான கோலம் கிடைத்தது. லண்டனில் மைக்கேல் பாரடே அதை ஆராய்ந்தார். 1990களில் அமெரிக்காவில் வெர்ஹோவன், பெண்ட்ரே என்ற ஆய்வாளர்கள் அந்தக் கோலத்துக்கு வனேடியம் போன்றவற்றின் மிகச் சிறிய கலப்பு காரணம் என்று காட்டினார்கள். இன்று டமாஸ்கஸ் என்று விற்பவற்றில் பெரும்பாலானவை இந்த உருக்கு அல்ல. இருவகை எஃகை அடுக்கி ஒட்டவைத்து, அமிலத்தில் கோலம் எழுப்பியவை. ஒட்டு சரியாக அமையாத ஓர் அடுக்கு போதும், வாள் கெட.

முதல் வாளுக்கு 5160 அல்லது இ.என். 45, வெண்கோலம் வேண்டுவோருக்கு 1075 என்பது நடைமுறைக்கு ஏற்ற தேர்வு. ஆர்டர் கொடுப்பவர்கள் எஃகின் பெயரோடு நிறுத்தாமல், எதில் தோய்க்கிறார், பதம் தணித்த பின் கடினம் எவ்வளவு, வளைத்துச் சோதித்துக் காட்டுவாரா என்பதையும் கொல்லரிடம் கேட்க வேண்டும். இந்தியாவில் வாளும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குள் வருவதால், உரிம விதிகளை விசாரித்த பிறகே முன்பணம் கொடுப்பது நல்லது.